பர்வதமலையில் முதல்முறை ஏறுபவர்களுக்கு எது கடினம்?

படிக்கட்டு ஏறிப் பழகியவர்கள் பர்வதமலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் படிதான் இங்கே சுலபமான பகுதி என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், தென்மகாதேவமங்கலத்திலிருந்துதான் பெரும்பாலோர் ஏறுகிறார்கள். கடலாடியிலிருந்தும் ஒரு பாதை உண்டு. உயரம் சுமார் 4,500 அடி.

படிகள் முடிந்ததும் கரடுமுரடான கல் பாதை. ஒரு கல் முழங்கால் உயரம், அடுத்தது இடுப்பு உயரம் என்று இருக்கும், மூச்சு வாங்குவது இங்கேதான். அப்புறம் உச்சிக்குக் கீழே மொட்டைப் பாறை, கிட்டத்தட்ட செங்குத்து. அதில் கடப்பாரைகளை அடித்து, சங்கிலி கோத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கடப்பாரையில் கால், மேலே இருப்பதில் கை, அவ்வளவுதான் பிடிமானம். நடுப்பகலில் அந்த இரும்பு கை வைக்க முடியாதபடி சுடும், மழை பெய்தால் வழுக்கும், அதனால் விடியற்காலையில் ஏறத் தொடங்குவதுதான் சரி. இறங்கும்போது முகத்தைப் பாறைப் பக்கம் வைத்து இறங்குங்கள். தோள்பை சிறியதாக இருக்கட்டும், தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஒருவருக்கு மூன்று லிட்டராவது வேண்டும்.

உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரம்மராம்பிகை கோயில். சங்ககாலத்தில் நன்னன் ஆண்ட நவிரமலை இதுதான் என்பார்கள். அங்கே நின்று நான்கு பக்கமும் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏற விடும் நேரத்தை மட்டும் கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.