சபையே கப்பலேறிய கதை

கேள்வி: அமெரிக்காவின் கன்சாஸில் கோசெல் என்ற சிற்றூர் அருகே ‘அலெக்சாண்டர்வோல் மென்னோனைட் சபை’யின் ஆலயத்தைப் பார்த்தேன். கட்டிய ஆண்டு 1886. சபையோ அதைவிட வெகு பழையதாம். அதெப்படி?
— வாசகர் ஒருவர்

பதில்: ஆலயம் கடைசியாக வந்தது சார். சபை அதற்குள் இரண்டு நாடுகளைப் பார்த்துவிட்டது.

கத்தோலிக்கக் குருவாக இருந்து 1536இல் விலகிய டச்சுக்காரர் மென்னோ சைமன்ஸின் வழிவந்தவர்கள் இவர்கள். விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம். ஆயுதம் தொடவே கூடாது. இந்த இரண்டாவது கொள்கைதான் இவர்களை ஓரிடத்தில் நிலைக்க விடவில்லை.

இன்றைய போலந்தில், விஸ்துலா நதிக்கரையில் இருந்தவர்கள் 1820இல் வண்டி கட்டிக்கொண்டு இன்றைய தெற்கு உக்ரைனுக்குப் புறப்பட்டார்கள். அப்போது அது ரஷ்யப் பேரரசின் மண். வழியில் ரஷ்யப் பேரரசர் ஜார் முதலாம் அலெக்சாண்டர் எதிர்ப்பட்டு வாழ்த்தினாராம். புதுக் கிராமத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு நிம்மதி. அப்புறம் ரஷ்யா கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது.

மூப்பர் யாக்கோப் புல்லர் 1873இலேயே மற்ற சபைப் பிரதிநிதிகளோடு அமெரிக்கா போய் நிலம் பார்த்து வந்திருந்தார். மறு ஆண்டு சுமார் 800 பேர், கிட்டத்தட்ட மொத்தச் சபையும், சிம்ப்ரியா, டியூட்டோனியா என்ற இரண்டு கப்பல்களில் ஏறினார்கள். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், சாவு எல்லாம் எழுதிய போலந்து காலத்துச் சபைப் பதிவேடும் கூடவே போனது. பிறந்த மண்ணை விட்டவர்கள் அதை விடவில்லை பாருங்கள், எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கப்பலுக்கு ஒரு கூட்டமாகப் போனதில், டியூட்டோனியாவில் வந்தவர்கள் பின்னாளில் ஹோஃப்நுங்சாவ் என்று தனிச் சபையானார்கள்.

நிலம் விற்றது சாண்டா ஃபே ரயில் கம்பெனி. முதல் குளிர்காலத்தில் தங்க நீளமான கொட்டகைகளும் போட்டுக் கொடுத்தது. சும்மா இல்லை, ஆள் குடியேறினால்தானே ரயிலுக்குச் சரக்கு! கன்சாஸில் பின்னாளில் பரவிய ‘டர்க்கி ரெட்’ கோதுமையின் விதையைக் கப்பலேறுமுன் குழந்தைகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்கள் என்று உருக்கமாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு மாநிலத்தையே விதைக்கப் பெட்டி விதை போதாது; பின்னாளில் பெர்ன்ஹார்ட் வார்கென்டின் போன்ற மாவாலைக்காரர்கள் மொத்தமாக இறக்குமதி செய்ததுதான் பெரிய காரியம்.

சரி, ராணுவம் விட்டதா? 1917இல் அமெரிக்காவும் ஆள் எடுத்தது. சீருடை போட மறுத்த மென்னோனைட் இளைஞர்கள் சிலர் ராணுவ நீதிமன்றம் வரை போனார்கள். 1941இல்தான் மாற்று வழி பிறந்தது: துப்பாக்கிக்குப் பதில் காட்டு வேலை, மனநல மருத்துவமனை வேலை. சம்பளம் மட்டும் கிடையாது.