பச்சைப் பொய்யில் பச்சை எங்கே இருக்கிறது?

தமிழ் கற்றுவரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பச்சை என்றால் இலையின் நிறம் என்று படித்தேன். ஆனால் பச்சரிசி, பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை, பச்சைப் பொய் எதிலுமே அந்த நிறம் இல்லையே, ஏன்?"

இல்லைதான். பச்சரிசி வெள்ளை, சர்க்கரைப் பொங்கலில் ஒரு சிட்டிகை போடும் பச்சைக் கற்பூரமும் வெள்ளை. தண்ணீர் நிஜமாகவே பச்சையாக இருந்தால் தொட்டியைக் கழுவ ஆள் கூப்பிட வேண்டும். அன்றாடப் பேச்சில் பச்சை என்பது நிறமாக இருப்பதைவிட ஒரு நிலையாக இருப்பதுதான் அதிகம் என்பது என் கட்சி. நெருப்போ வெயிலோ காலமோ இன்னும் கை வைக்காத நிலை.

சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைத் தேடிப் பாருங்கள். பச்சரிசிக்கு எதிர், நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கலரிசி. பச்சைத் தண்ணீருக்கு எதிர் வெந்நீர். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பதனிடாத தோல் பச்சைத் தோல். காய்ச்சாத பால் பச்சைப் பால். பச்சை மிளகாய்க்கு எதிர் சிவப்பு மிளகாய் என்று நினைப்பீர்கள். கிடையாது, காய்ந்த மிளகாய். காய்கறிக் கடையில் பச்சை மிளகாய்க் குவியலில் நாலைந்து செக்கச்செவேலென்று பழுத்துக் கிடக்கும். அவற்றையும் சேர்த்துத்தான் "பச்சை மிளகாய் நூறு கிராம்" என்று நிறுத்துப் போடுவார்கள். யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

இந்தப் பொருள் முழுசாக வாழ்வது அடுப்படியில். எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் "பச்சை வாடை போகும்வரை வதக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். இஞ்சி பூண்டு விழுதை எண்ணெயில் போட்டவுடன் மூக்கில் ஏறும் அந்தக் காரநெடிதான் பச்சை வாடை. எத்தனை நிமிடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நெடி அடங்கி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்தால் போய்விட்டது என்று அர்த்தம். மூக்கால் மட்டுமே தெரிகிற ஒரு பச்சை!

என் மாமா ஒருவர் செங்கல் சூளை வைத்திருந்தார். அங்கே அச்சில் அறுத்து வெயிலில் வரிசையாகக் காயப்போட்டிருக்கும் கல்லுக்குப் பச்சைக் கல் என்று பெயர். பார்த்தால் சாம்பல் பூத்த மண் நிறம். விரலால் அழுத்தினால் ரேகை பதியும். கோடையில் திடீரென்று மழை இறங்கினால் "பச்சைக் கல்லு கரையுது, பாயை எடுங்கடா" என்று ஒரு கூப்பாடு கேட்கும், தார்ப்பாயை இழுத்துக்கொண்டு எல்லோரும் ஓடுவோம். சூளையில் வெந்து வந்த கல்லை மழை ஒன்றும் செய்யாது, அதைப் பற்றி யாருக்கும் கவலையும் கிடையாது. இது நேற்று வந்த வழக்கும் இல்லை. வஞ்சகத்தால் பொருள் சேர்ப்பது, சுடாத மண்பானையில் நீரை ஊற்றிவைப்பது போல என்கிறது 660ஆம் குறள். அந்தச் சுடாத பானைக்கு அங்கே உள்ள சொல் 'பசுமட்கலம்'. பசு என்றால் இங்கே மாடு இல்லை, நம் பச்சைதான்.

பிள்ளை பெற்ற பெண்ணைப் 'பச்சை உடம்புக்காரி' என்பார்கள். உள்ளே ரணம் ஆறவில்லை, உடம்பு இறுகவில்லை, காற்றுப் பட்டாலும் ஆகாது என்று அதற்குப் பொருள். "பச்சை உடம்போட என்ன வேலை செய்யறே, போய்ப் படு" என்று பாட்டிமார் அதட்டுவதில் ஒரு முழு மருத்துவமே இருக்கிறது. குழந்தையும் பச்சைக் குழந்தை, பச்சை மண். பிறந்த குழந்தை சிவந்துதான் இருக்கும், அது வேறு விஷயம்.

இனி பொய்க்கு வருவோம். சமைக்காதது என்ற பொருளிலிருந்து, மேலே எதுவும் பூசாதது, எதுவும் கலக்காதது என்ற பொருளுக்கு ஓர் எட்டுதான். உண்மையைக் கொஞ்சம் கலந்து, மசாலா தடவிச் சொல்வது சாமர்த்தியமான பொய். கூச்சமே இல்லாமல் அப்பட்டமாகச் சொல்வது பச்சைப் பொய். பச்சைத் துரோகமும் அப்படித்தான். அதே 'கலப்பில்லாதது' பாராட்டாகவும் மாறும்: காமராசரைப் பெரியார் 'பச்சைத் தமிழர்' என்றார். பச்சைப் பச்சையாகத் திட்டுவது இன்னொரு வகை, அதற்கு இங்கே உதாரணம் தர முடியாது.

நிறமாகவே வரும் இடங்களும் உண்டு. மதுரையில் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று ஊரே பார்க்கும். பச்சைப் பட்டு என்றால் அந்த வருடம் செழிக்கும் என்று நம்பிக்கை. அரசு வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் பச்சை மை கையெழுத்துக்காக அதிகாரி வீட்டு வாசலில் நின்ற அனுபவம் இருக்கும். இப்போது பல இடங்களில் நாமே சான்றொப்பம் இட்டால் போதும், நல்ல காலம். கிழவிகளின் முன்கையில் கோலமும் தேளுமாகக் குத்தியிருக்கும் பச்சை, தோலுக்குள் போய்க் கருநீலமாகத் தெரிந்தாலும் பச்சைதான். நிறம் மாறுவதற்கே பேர்போன பிராணிக்குப் பச்சோந்தி என்று ஒரே நிறத்தில் பெயர் வைத்தவரின் குசும்பை நான் இன்னும் ரசிக்கிறேன்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பச்சையும் பசுமையும் ஒரே வேரில் வந்தவைதான், ஆனால் பசுமை படித்து உத்தியோகத்துக்குப் போய்விட்டது. பசுமைப் புரட்சி, பசுமை வீடு என்று திட்டங்களின் பெயர்களில் உட்கார்ந்திருக்கும். பச்சை வீட்டிலும் தெருவிலுமே தங்கிவிட்டது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்காதீர்கள். கல்லூரி ஆண்டுமலருக்குப் 'பசுமையான நினைவுகள்' என்று கட்டுரை எழுதினால் அச்சில் வரும். 'பச்சையான நினைவுகள்' என்று தலைப்பிட்டுக் கொடுத்தால் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.