புது பேட்டரி போட்டும் டிராக்டர் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: எங்களுடையது இருபது வருடத்துக்கு மேல் ஓடிய 35 எச்.பி. டீசல் டிராக்டர். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது பேட்டரி போட்டும் அப்படியே இருக்கிறது. பையன் கீழே நின்று செல்ஃப் மோட்டாரில் ஸ்குரூ டிரைவரை வைத்து உரசினால் சில நேரம் எடுக்கிறது. சில நாள் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை, டீசல் பம்பைக் கையால் அடித்தால்தான் ஆகிறது. இக்னிஷன் காயில் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்ற முடியாது, ஏனென்றால் உங்கள் வண்டியில் அப்படி ஒன்று இல்லை. டீசல் இன்ஜினில் காற்று அழுந்திச் சூடாகி, அதில் டீசல் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. காயிலும் ஸ்பார்க் பிளக்கும் பெட்ரோல் வண்டிச் சமாச்சாரம்.

ஸ்குரூ டிரைவர் வேலையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். உரசும்போது சாவி, நியூட்ரல் சுவிட்ச் (கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் அடிக்க விடுவது) என்று எல்லாப் பாதுகாப்பையும் தாண்டி கரண்ட் போகிறது, வண்டி கியரில் இருந்தால் இன்ஜின் பிடித்த கணமே நகரும், உரசுகிறவர் நிற்பதோ பெரிய சக்கரத்துக்கு முன்னால். இப்படிச் செத்தவர்கள் உண்டு.

நீங்கள் எழுதியதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிறது. முதலாவது கரண்ட் சம்பந்தப்பட்டது. ‘டக்’ என்று கேட்டால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் மோட்டாரைச் சுழற்றும் அளவுக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. பேட்டரி புதிது என்பதால் எனக்குச் சந்தேகம் பேட்டரி மைனஸை வண்டியோடு சேர்க்கும் எர்த் வயர் மேல்தான். சேற்றுழவு ஓட்டும் வண்டிகளில் எர்த் போல்ட்டுக்கு அடியில் சேறும் துருவும் ஏறியிருக்கும், மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும்.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் குமிழை இழுத்து வைத்துவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியிலும் கோளாறு இருக்கலாம் (புதிதாயிற்றே என்று நம்பிவிடாதீர்கள், சார்ஜ் ஏறாத பேட்டரி புதிதாக இருந்தும் பயனில்லை). அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துக்கொண்டு ஒருவரை சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வயரைக் கழற்றி இரண்டு முனையையும் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள், உள்ளே பச்சை பூத்திருந்தால் வயரையே மாற்றுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

எர்த் நன்றாக இருந்தால், சாவியைத் திருப்பிப் பிடித்தபடி சொலினாய்டுக்கு வரும் சின்ன வயரில் பாருங்கள். அந்த நேரத்தில் பேட்டரியில் இருப்பதைவிட 2, 3 வோல்ட் குறைவாக வந்தால் சாவி சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது நியூட்ரல் சுவிட்ச். இதுவும் சரி என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். பழைய மோட்டாரில் கார்பன் பிரஷும் புஷ்ஷும் தேய்வது வழக்கம், அதை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும், புது மோட்டார் விற்கப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, டீசல். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. ஸ்டாப் குமிழ் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிரிக்க வேண்டாம், கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. கையால் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது என்பதால் உங்கள் வண்டியில் எங்கோ காற்று இழுத்து, ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது என்று நினைக்கிறேன். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ஹோஸ், பில்டர் ரப்பர் வளையம், போல்ட்டுகளின் செம்பு வாஷர் எல்லாம் பாருங்கள். காற்று இழுக்கும் இடத்தில் டீசல் ஒழுக வேண்டும் என்று இல்லை, லேசான ஈரத்தில் தூசி அப்பியிருந்தாலே சந்தேகப்படலாம். வாஷரைப் புதிதாகப் போட்டுவிட்டு, பில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை அடித்து இறுக்குங்கள். அடுத்து பம்ப்பிலும் அப்படியே. நாசிலுக்கு (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) போகும் பைப்பைத் தளர்த்தும்போது கையைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே புகுந்துவிடும்.

வெள்ளைப் புகை வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது நாசில், கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் காற்று அழுந்தும் அளவு) இரண்டையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், ஒரு நிமிடம் ஆறவிட்டு அடுத்த முறை. ஏர் கிளீனரில் பெட்ரோல் நனைத்த துணி காட்டச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும், பிஸ்டனும் போகும்.