கேமரா கேள்வி–பதில்: முகம் மென்மையாக, கண் கூர்மையாக

இந்த இதழில் சாஃப்ட் ஃபில்டர் (முகத்தை மென்மையாகக் காட்ட லென்ஸுக்கு முன்னால் மாட்டும் தட்டு) பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில். ஃப்ளாஷ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: சாஃப்ட் ஃபில்டரைக் காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்? ஃபோகஸைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் முகம் மென்மையாக வந்துவிடாதா?
— ரங்கூன் வாசகர்

பதில்: வராது. மங்கலாகத்தான் வரும். ஃபோகஸ் தப்பினால் ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் மொத்தமும் வட்டமாக விரிந்துவிடும். கூர்மை என்று எதுவும் மிஞ்சாது. கண் இமையும் கரைந்துபோகும்.

சாஃப்ட் ஃபில்டரில் நடப்பது வேறு. வெளிச்சத்தில் பெரும்பங்கு நேரே போய் விழவேண்டிய இடத்திலேயே விழுகிறது. சிறு பங்கு மட்டும் திசை மாறி அக்கம்பக்கத்தில் சிந்துகிறது. கூர்மையான படமும் அதன்மேல் மெல்லிய ஒளிப்படலமும் ஒன்றாகப் பதிவாகின்றன. தோலில் தெரியும் சுருக்கமும் குழியும் லேசான, குறுகிய நிழல்கள்தான். பக்கத்துத் தோலின் வெளிச்சம் அந்த நிழலுக்குள் சிந்தி அதை நிரப்பிவிடுகிறது. இமை, கண்மணி போன்ற அடர்ந்த கறுப்பு அவ்வளவு சுலபத்தில் நிரம்பாது, ஆகவே நிற்கிறது.

சிந்துவது எப்போதும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குத்தான். அதனால் ஃபில்டரின் பலத்தைக் காட்டும் எண்ணைவிட, படத்தில் எது அதிகப் பிரகாசம், அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பின்னாலிருந்து தலைமுடிக்கு ஒரு விளக்கு கொடுத்தால் முடியோரம் ஒளிரும். நிழலே விழாத தட்டையான வெளிச்சத்தில் அதே ஃபில்டர் படத்தை வெளுக்க வைப்பதோடு சரி.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. ஸைஸ் சாஃப்டார் மாதிரியானவை அக்ரிலிக் தட்டில் சின்னச் சின்ன லென்ஸ் மேடுகள் கொண்டவை. 1, 2, 3 என்று எண் ஏற ஏற மேடுகள் கூடும். மிஸ்ட் வகையில் கண்ணாடிக்குள் நுண்துகள்கள் இருக்கும். பிளாக் மிஸ்ட்டில் கறுப்புத் துகளும் கலந்திருப்பதால் நிழல்கள் அவ்வளவாக வெளுக்காது. மூன்றாவது, வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. ஸ்டூடியோவில் முகம் மட்டும் எடுப்பவருக்கு முதல் வகை, மண்டபத்தில் விளக்குகளோடு எடுப்பவருக்கு பிளாக் மிஸ்ட். மிஸ்ட் வகையின் பலத்தை 1/8, 1/4 என்று குறிப்பார்கள், 1/4 கூடுதல் பலம். ஆனால் ஒரு கம்பெனியின் 1/4 இன்னொரு கம்பெனியின் 1/4 ஆகாது. போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அதே ஃபில்டர் 35 எம்.எம். லென்ஸில் ஒன்றுமே செய்யவில்லை. 135-ல் போட்டால் பனிமூட்டம் போல ஆகிவிடுகிறது. ஃபில்டரில் கோளாறா?
— மோல்மேன், ஸ்டூடியோ நடத்தும் வாசகர்

பதில்: கோளாறு இல்லை. ஃபில்டர் வெளிச்சத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்புகிறது. அந்தக் கோணம் சென்சாரில் எவ்வளவு தூரமாக மாறும் என்பது லென்ஸின் குவிய நீளத்தைப் பொறுத்தது. 1 டிகிரி திரும்பிய கதிர் 50 எம்.எம். லென்ஸில் சுமார் 0.9 மி.மீ. தள்ளி விழும், 100-ல் சுமார் 1.75 மி.மீ. முகத்தை இரண்டிலும் ஒரே அளவில் எடுத்தாலும் படலம் இரண்டு மடங்கு அகலமாகிவிடும். 135-க்கு 1/8 போதும் என்றால் 50-க்கு 1/4 தேவைப்படும் என்பது தோராயக் கணக்கு.

அப்பர்ச்சரையும் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) கவனியுங்கள். 85 எம்.எம். லென்ஸில் எஃப் 2.8 வைத்தால் ஃபில்டரின் சுமார் 30 மி.மீ. அகலம் வேலை செய்கிறது. எஃப் 11-க்குப் போனால் 8 மி.மீ.கூட இல்லை. மேடுகள் அந்த இடத்தில் சிலதான் அகப்படும், படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியலாம். எஃப் 2.8 முதல் 5.6 வரை நின்றுகொள்ளுங்கள். வெளிச்சம் மிஞ்சினால் அப்பர்ச்சரை மூடாமல் ஷட்டரைக் கூட்டுங்கள். ஸ்டூடியோ ஃப்ளாஷ் என்றால் அதன் பவரைக் குறையுங்கள்.

மென்மை லென்ஸுக்குள்ளேயே அமைந்தவையும் உண்டு. கேனான் ஈ.எஃப். 135 எம்.எம். எஃப் 2.8 சாஃப்ட்ஃபோகஸில் 0, 1, 2 என்று வளையம் இருக்கும். அதிலும் அப்பர்ச்சரை மூட மூட மென்மை குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: கல்யாணத்தில் பெண்ணை எடுக்க எந்த ஃபில்டர்? போன முறை போட்டதில் நகையெல்லாம் எரிவது போல வந்து, வீட்டார் கோபித்துக்கொண்டார்கள்.
— பெகு வாசகர்

பதில்: அவர்கள் கோபம் நியாயம்தான். நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, ஒட்டியாணம் ஒவ்வொன்றிலும் பத்து இருபது பொட்டுகள் விளக்கைத் திருப்பி அடிக்கும். தோலைவிடப் பல மடங்கு பிரகாசமான அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போடும். 1/8 பிளாக் மிஸ்ட்டுக்கு மேல் போகாதீர்கள். எக்ஸ்போஷரை 1/3 முதல் 2/3 ஸ்டாப் வரை குறைத்து, கேமராவில் வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும் வசதியைப் போட்டு வையுங்கள். மூக்குத்திக் கல் மினுக்கினால் பரவாயில்லை. கன்னமோ நெற்றியோ மினுக்கினால் இன்னும் குறையுங்கள். வியர்வை மினுமினுப்பும் நகை செய்யும் வேலையையே செய்யும். ஃபில்டரை மாட்டும் முன் டிஷ்யூ பேப்பரால் நெற்றியையும் மூக்கையும் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

மண்டபத்தில் இன்னும் மூன்று தொல்லைகள். மணவறைக்குப் பின்னால் தொங்கும் சீரியல் பல்புகள் வலுவான ஃபில்டரில் ஒன்றோடொன்று கலந்து வெள்ளைச் சுவராகிவிடும். ஓமகுண்டத்து நெருப்பு ஓரத்தில் பெரிதாக விழுந்தால் மொத்தப் படத்தின் கறுப்பும் சாம்பல் ஆகும். முகத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது நெருப்பை ஃபிரேமுக்கு வெளியே விடுங்கள். வீடியோக்காரரின் லைட் பக்கவாட்டில் ஃபில்டர் மேல் நேராக அடித்தாலும் இதே கதிதான். லென்ஸ் ஹூட் இல்லாமல் மண்டபத்துக்குள் கால் வைக்காதீர்கள். அடியில் யு.வி. ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

தாலி கட்டும்போதும், குடும்பக் குழுப் படத்துக்கும், நகையை மட்டும் கிட்டத்தில் எடுக்கும்போதும் ஃபில்டரே வேண்டாம். பட்டின் ஜரிகை வேலை தெரியவேண்டும் என்றுதான் வீட்டார் காசு கொடுத்திருக்கிறார்கள். பல லென்ஸ் வைத்திருப்பவர் 77 மி.மீ. ஃபில்டர் ஒன்று வாங்கி, 58-க்கும் 67-க்கும் ஸ்டெப்–அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டுக்கொள்ளலாம். அப்போது ஹூடும் 77-க்குத் திருகும் ரப்பர் ஹூடாக இருக்கட்டும், பழைய ஹூட் பொருந்தாது.

கேள்வி: மகள் கன்னத்தில் இலை வடிவில் தனகா (பர்மாவில் முகத்தில் பூசும், மரப்பட்டையை அரைத்த குழம்பு) பூசி எடுத்தேன். ஃபில்டர் போட்டதும் இலையின் நரம்பெல்லாம் போய்விட்டது.
— தட்டோன் வாசகி

பதில்: இலை நரம்பு என்பது வெளிர்மஞ்சள் பூச்சுக்கு நடுவே தெரியும் மெல்லிய தோல்கோடு. இரண்டு பக்கமிருந்தும் தனகாவின் வெளிச்சம் சிந்தி அந்தக் கோட்டை அடைத்துவிட்டது. மாநிறத் தோலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அந்தப் படத்துக்கு ஃபில்டர் எதிரி. கட்டாயம் மென்மை வேண்டுமென்றால் 1/8 போதும். 50 எம்.எம். லென்ஸை எடுங்கள், எக்ஸ்போஷரைத் தோலுக்கு வைக்காமல் தனகாவுக்கு வையுங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே எடுக்கவும். ஈரத் தனகா பளபளக்கும், காய்ந்தது பளபளக்காது.

கேள்வி: வீட்டிலேயே செய்துகொள்ள வழி உண்டா? கொசுவலை போதுமா?
— மாந்தலே, கல்லூரி மாணவர்

பதில்: கொசுவலைக் கண் பெரிது. கண் பெரிதாக இருந்தால் வெளிச்சம் விலகும் கோணம் சிறிதாகும், படம் கொஞ்சம் இருட்டும், அவ்வளவுதான். பெண்கள் அணியும் மெல்லிய கறுப்பு நைலான் ஸ்டாக்கிங் வாங்குங்கள், 15 டெனியர் (நூலின் கனத்தைக் காட்டும் அளவு) போதும். வெள்ளை வேண்டாம். அதன் நூலே வெளிச்சம் பட்டுப் படத்தை வெளுக்க வைக்கும்.

கண்ணாடி உடைந்த பழைய ஃபில்டரின் வளையம் ஒன்று எடுத்து, துணியை எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பாக இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒரு பக்கம் அதிகம் இழுத்தால் ஒளிப்படலம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வராது. மென்மை அதிகம் என்று தோன்றினால் ஊதுபத்தி முனையால் நடுவில் ஒரு ஓட்டை போடலாம் (வளையத்தை கேமராவிலிருந்து கழற்றிய பிறகு!). 1 செ.மீ. ஓட்டை போட்டால் 85 எம்.எம்., எஃப் 2.8-ல் ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம் துணியைத் தொடாமல் போகும். எஃப் 8-க்கு மூடினால் ஏறக்குறைய எல்லாமே ஓட்டை வழியாகப் போய்விடும், துணி கட்டியும் பயனில்லை.

வாஸலினும் செல்லும், ஆனால் லென்ஸ் மேல் ஒருபோதும் தடவாதீர்கள். பழைய யு.வி. ஃபில்டர் மேல் நடுவை விட்டு விளிம்பில் மட்டும், விரல் ரேகை தெரியும் அளவுக்கு. தடவிய கோட்டுக்குக் குறுக்கே வெளிச்சம் இழுக்கும். மேலும் கீழுமாகத் தடவினால் பக்கவாட்டில் கோடு நீளும். சித்திரை வெயிலில் அது உருகி ஓடும், நிழலில் வேலை செய்யுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரில் செய்துகொள்ளக் கூடாதா?
— ரங்கூன் வாசகி

பதில்: தோலுக்குத் தாராளமாகச் செய்யலாம். படம் திருத்தும் மென்பொருளில் மேலே ஒரு காப்பி லேயர், அதற்குக் காஸியன் பிளர், ஸ்கிரீன் மோட், ஒபாசிட்டி 20–30 சதவீதம். கண்ணையும் உதட்டையும் மாஸ்க் போட்டு விட்டுவிடுங்கள்.

விளக்கு படத்தில் இருந்தால் வித்தியாசம் தெரியும். சென்சாரில் வெளுத்துப்போன இடத்தில் 40 வாட் பல்பும் சூரியனும் ஒரே வெள்ளைதான். எது எவ்வளவு சிந்தவேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. ஃபில்டர் சென்சாருக்கு முன்னால் இருப்பதால் உண்மையான பிரகாசத்துக்கு ஏற்பச் சிந்துகிறது.

கேள்வி: அப்பா காலத்து நெகட்டிவ்களை என்லார்ஜரில் பிரிண்ட் போடுகிறேன். அங்கே ஃபில்டர் வைத்தால் முகம் அழுக்காகத் தெரிகிறது.
— மோல்மேன் வாசகர்

பதில்: நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கூந்தல் பகுதி தெளிவாக இருப்பதால் வெளிச்சம் அங்கிருந்துதான் அதிகம் வருகிறது, காகிதத்தில் கன்னத்தின் மேல் சிந்துகிறது. அதாவது கறுப்பு வெள்ளைக்குள் இறங்குகிறது. விடாமல் வேண்டுமென்றால் 10 விநாடி எக்ஸ்போஷரில் 3 விநாடி மட்டும் ஃபில்டரை வையுங்கள்.

கேள்வி: பூஞ்சை பிடித்த பழைய லென்ஸை அப்படியே சாஃப்ட் லென்ஸாக வைத்துக்கொள்ளலாமா?
— பெகு வாசகர்

பதில்: வேண்டாம். பூஞ்சை கோட்டிங்கை அரித்துக்கொண்டே போகும், கூட வைக்கும் நல்ல லென்ஸுக்கும் ஆபத்து. தனியாக வையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஃபில்டரை எப்படிப் பாதுகாப்பது?
— ரங்கூன் வாசகர்

பதில்: ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது காயவைப்பது என்று தெரியும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்துப் போகும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் ஃபில்டர் மேல் நீர் படிந்து, நீங்கள் கேட்காத மென்மையும் சேர்ந்துவிடும். அக்ரிலிக் ஃபில்டரை ஸ்பிரிட், தின்னர் எதுவும் தொடக்கூடாது. முதலில் புளோயரால் தூசியை ஊதி, சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் மேடுகளுக்கு நடுவே கீறல் விழும், அதற்கு மருந்து கிடையாது.