கத்தாரிலிருந்து வரும் மேலதிக நேரம்

அக்கா, நீங்கள் களுவாஞ்சிகுடியில் பிள்ளையின் போன் நேரத்தைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் ஃபேமிலி லிங்க் ஆப்பில் இரண்டு மணித்தியாலம் என்று வைக்க, மகன் கத்தாரில் இருக்கும் அப்பாவுக்கு வாய்ஸ் போட்டு இன்னும் ஒரு மணித்தியாலம் வாங்கிவிடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். கல்லடியில் எங்கள் வீட்டிலும் இதே கூத்துத்தான். என்ன, அப்பாவுக்குப் பதில் அம்மம்மா.

ஆப்பில் பிழையில்லை. பெற்றோராகச் சேர்ந்த இரண்டு பேருமே நேரம் கூட்டலாம். அதனால் முதலில் கணவரோடு பேசுங்கள்: "அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தாறேன்" என்று அவர் மகனிடம் ஒரு வரி சொன்னால் போதும். தூரத்தில் இருக்கிற மனிசனுக்குப் பிள்ளை கெஞ்சினால் மறுப்பது கஷ்டம், அதையும் யோசியுங்கள்.

பள்ளிக்கூட வேலை வாட்ஸ்அப்பில் வருவதால் அதை மட்டும் 'எப்போதும் அனுமதி' என்று விடுங்கள்; நேரம் முடிந்தாலும் வேலை செய்யும். யூடியூபுக்குத் தனியாக அரை மணித்தியாலம். படுக்கும் நேரத்தையும் அந்த ஆப்பிலேயே போடலாம். ஆனால் அவன் பார்ப்பது உங்கள் போன் என்றால் இதெல்லாம் சரிவராது, அவனுடைய கணக்குப் போட்ட போனாக இருக்கவேண்டும்.

அப்புறம், உங்கள் போனுக்குக் கோடு இழுக்கும் லாக் வேண்டாம். வடை தின்ற கையோடு நான் இழுத்த எண்ணெய்க் கோட்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தே என் மகள் திறந்துவிட்டாள்.