ஐந்து நாள்களாக மலம் கழிக்காத கைக்குழந்தை

திருகோணமலை, சாம்பல்தீவிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் மகளுக்கு இரண்டரை மாதம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். ஐந்து நாள்களாக மலம் கழிக்கவில்லை. முகம் சிவக்க முக்கி அழுகிறாள். ஓமத் தண்ணீர் பருக்கவும், வெற்றிலைக் காம்பில் ஆமணக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைக்கவும் அம்மம்மா சொல்கிறார். செய்யலாமா?"

இரண்டும் வேண்டாம், அம்மா. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் மாதத்தில் நாளுக்குப் பல தடவை மலம் கழித்துவிட்டு, ஆறு வாரம் கடந்தபின் சில நாள்களுக்கு ஒரு தடவை, சிலவேளை வாரத்துக்கு ஒரு தடவை மட்டுமே கழிப்பது இயல்பு; பாலின் பெரும்பகுதி உடலில் சேர்ந்துவிடுவதால் வெளியேற மிஞ்சுவது குறைவு. நாள்களை எண்ண வேண்டாம், மலத்தைப் பாருங்கள். ஏழாம் நாள் போனாலும் அது இளக்கமாக இருந்தால் கவலையில்லை. ஆட்டுப் புழுக்கைபோல் இறுகி வந்தால்தான் மலச்சிக்கல்; தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையிடம் அது மிக அரிது.

முக்குவதற்குக் காரணம், வயிற்றை அழுத்தும் அதே வேளையில் ஆசனவாய்த் தசையைத் தளர்த்த மகள் இன்னும் பழகாததே. சில வாரங்களில் தானாகப் பழகிவிடுவாள். காம்பு வைத்துத் தூண்டினால் அந்தத் தூண்டலுக்கே காத்திருக்கப் பழகுவாள். மென்மையான தோலும் கீறுபடலாம். கால்களை மடக்கி வயிற்றோடு மெல்ல அணைப்பதும், தொப்புளைச் சுற்றி இதமாக வருடுவதும் போதும். அந்த வருடலை அம்மம்மாவின் பழகிய கைகளுக்கே விட்டுவிடலாம்.

கச்சான் காற்று அனலாக வீசும் நாள்களிலும் ஆறு மாதம்வரை தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீரே. ஓமத் தண்ணீர் சிறு வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைக் குறைக்கும். அதில் தேன் கலப்பது இன்னும் ஆபத்து: ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சுநோய் வரக்கூடும்.

பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வயிறு உப்பி இறுகுதல், பால் குடிக்க மறுத்தல், 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், நள்ளிரவானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் முதல் கரும்பச்சை மலம் போகாதிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்; பெருங்குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறைபாடு பலவேளை அவ்வாறே முதலில் தெரியவரும். இவை எதுவுமில்லாமல், நாளுக்கு ஆறு தடவையேனும் சிறுநீர் போய், கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் குறிக்கும் நிறைக் கோடும் ஏறிக்கொண்டிருந்தால், ஆறாம் நாளையும் பொறுமையோடு பார்த்திருக்கலாம்.