மும்பைக்கு லாரி ஓட்ட வரும் தம்பிக்கு: மூட்டையும் குளியலும்

தம்பி, நீங்கள் கேட்டதை இரண்டு தடவை படித்தேன். ராசிபுரம் பக்கம் நான்கு வருஷமாக ஜல்லி லோடு ஓட்டியிருக்கிறீர்கள். எவ்வளவு நேரமானாலும் ராத்திரி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் படுத்திருக்கிறீர்கள். அடுத்த மாதம் நவி மும்பைப் பக்கம் களம்போலியில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் டிரெய்லர் ஓட்டச் சேருகிறீர்கள். "பத்துப் பதினைந்து நாள் வண்டியிலேயே இருக்கணும் என்கிறார்கள், என்னவெல்லாம் எடுத்து வரணும், குளிக்க எங்கே போவீர்கள் அண்ணா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊரிலிருந்து வருகிற பசங்க சம்பளம் கேட்பார்கள், படி கேட்பார்கள், ஊருக்குப் போக எப்போது லீவு கிடைக்கும் என்று கேட்பார்கள். குளிப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காமல் வந்து பட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குத் திருச்செங்கோடு. 2001-ல் இங்கே வந்தேன். அந்த முதல் கோடையில் குஜராத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் இறக்குவதற்காக மூன்று நாள் வரிசையில் நின்றோம். மே மாதம். எண்பது தொண்ணூறு லாரிக்கு ஒரே ஒரு குழாய், அதிலும் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். குடிக்கப் பிடிக்கவே சண்டை, இதில் குளியல் எங்கே? ஜீன்ஸ் பேன்ட், நைலான் பனியன், வேர்வை, சீட்டு சூடு. நான்காம் நாள் தொடை இடுக்கில் அரிப்பு ஆரம்பித்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தினேன், மறுபடி வந்தது, முன்பைவிடப் பெரிய வட்டமாக. இப்படியே ஆறு மாதம். கடைசியில் ஒரு தோல் டாக்டர் பார்த்துவிட்டு, அந்த டியூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அரிப்பை அமுக்கிவிட்டு உள்ளே படையை அது வளர்த்திருக்கிறது என்றார். அது ஆறுவதற்கு மேலும் மூன்று மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதமும் நான் வண்டி ஓட்டினேன் தம்பி, ஒரு நாள்கூட நேராக உட்கார முடியவில்லை. வீட்டுக்குப் போன் செய்தால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொன்னேன்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்றுதான். டேங்க் காலியான பிறகு பங்க் தேடுவோமா? குளியலும் அப்படித்தான். உடம்பு பிசுபிசுத்த பிறகு தண்ணீர் தேடினால் கிடைக்காது. தண்ணீர் இருக்கிற இடத்தில் வண்டி நிற்கும்போதே, அடுத்து நிற்கப்போகிற இடத்தில் தண்ணீர் இருக்குமா என்று யோசித்துக் குளித்துவிட வேண்டும். முக்கியமாகத் துறைமுகம், தொழிற்சாலை, மார்க்கெட் யார்டு இவற்றின் வாசலுக்குப் போவதற்கு முன்னால். நாவா ஷேவா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போனால் எத்தனை மணி நேரம் நிற்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. களம்போலியிலேயே குளித்து, கேனில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய் நில்லுங்கள்.

சரி, மூட்டைக்கு வருவோம். டிராலி பெட்டி வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கைக்கு அடியில் அது நுழையாது, மேலே வைத்தால் பிரேக் போடும்போது தலையில் விழும். மடங்கும் ஜிப் பை ஒன்று, அதோடு தனியாக ஒரு சின்னக் குளியல் பை. சோப்பு, துண்டு, மாற்று ஜட்டி, லுங்கி, பல் துலக்குகிற சாமான் எல்லாம் அந்தச் சின்னப் பையில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். பங்கில் வரிசை குறைவாக இருக்கிறது என்று தெரிந்ததும் அதை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். பெரிய பையைக் குடைந்து சோப்பு தேடுவதற்குள் முன்னால் நான்கு பேர் நிற்பார்கள்.

துண்டு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். டர்க்கி டவல் கொண்டு வராதீர்கள். அது நனைந்தால் கேபினுக்குள் ஒரு நாள் முழுக்கக் காயாது, ராத்திரிக்குள் நாற்றம் எடுத்துவிடும். நம் ஈரோட்டுப் பக்கத்து மெல்லிய ஈரிழைத் துண்டு மூன்று வாங்குங்கள். பிழிந்து கண்ணாடிப் பக்கம் கட்டினால் இரண்டு மணி நேரத்தில் சருகாகக் காய்ந்துவிடும். தலைக்குக் கட்டலாம், வெயிலுக்கு ஜன்னலில் மறைக்கலாம், சூடான மூடியைத் திறக்கலாம். ஆனால் உடம்பு துடைக்கிற துண்டை வேறு எதற்கும் தொடக் கூடாது. அதற்கென்று ஒரு நிறம் வைத்துக்கொள்ளுங்கள்.

துணியெல்லாம் பருத்திதான். லுங்கி மூன்று, டி ஷர்ட் நான்கு, ஜட்டி பனியன் ஏழு செட். பேன்ட் இரண்டு அவசியம், லுங்கியோடு போனால் பெரிய தொழிற்சாலைகளில் கேட்டுக்கு உள்ளே விட மாட்டார்கள். ஷூ, ஹெல்மெட், ஒளிரும் ஜாக்கெட் கேட்பார்கள். டிரான்ஸ்போர்ட்டில் கொடுக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் எதுவும் காயாது. உலர்ந்த ஒரு செட்டைப் பாலிதீன் பையில் சுற்றிக் கட்டி, என்ன ஆனாலும் அதை எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் கட்டிவிட்டுத் தொப்பலாக நனைந்து ஏறும் ராத்திரியில் அந்த ஒரு செட்டின் அருமை தெரியும்.

இன்னும் சில சாமான்: மூடி போட்ட பத்து லிட்டர் வாளி, உள்ளே ஒரு மக். இருபது லிட்டர் கேன் இரண்டு, ஒன்று குடிக்க, ஒன்று கழுவ. ரப்பர் செருப்பு, அதைப் போடாமல் எந்தக் குளியலறைக்குள்ளும் கால் வைக்காதீர்கள். துணி காயப்போட ஐந்து மீட்டர் நைலான் கயிறு. கொசுவலை. தேங்காய் எண்ணெய். ஊரிலிருந்து பருப்புப் பொடியும் கொஞ்சம் ஊறுகாயும். கேஸ் அடுப்பு வண்டியில் இருந்தால் கேபினுக்குள் பற்ற வைக்காதீர்கள். கேபினைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி கொளுத்துவதும் வேண்டாம்.

இனி எங்கே குளிப்பது. ஊரிலிருந்து கிருஷ்ணகிரி வந்து தேசிய நெடுஞ்சாலை 48-ஐப் பிடித்தால் பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சத்தாரா, பூனா என்று மும்பைவரை ஒரே ரோடு. அப்படியே சூரத், அகமதாபாத், ஜெய்ப்பூர் வழியாக டெல்லிக்கும் அதுதான். இந்த ரோட்டில் குளிக்க மூன்று வகை இடம் உண்டு.

நான் முதலில் பார்ப்பது பெரிய பெட்ரோல் பங்க். லாரிக்காரர்களுக்கென்றே பெரிய பார்க்கிங் போட்ட பங்குகள் இருக்கின்றன. இந்தியன் ஆயிலில் ஸ்வாகத் என்று போர்டு இருக்கும். இப்போது பொதுத்துறை எண்ணெய் கம்பெனிகளின் பங்குகளில் அப்னா கர் என்ற பெயரில் டிரைவர்களுக்குத் தங்குமிடம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கட்டில், கழிப்பறை, குடிநீர், சமைத்துக்கொள்ள இடம், குளிக்கத் தொட்டி எல்லாம் உண்டு. அந்தத் தொட்டியை ஹவுதா என்பார்கள், வார்த்தையை நினைவில் வையுங்கள். போனில் ஆப் போட்டுப் படுக்கை புக் செய்யலாம். ஓனர் எந்தக் கம்பெனி டீசல் கார்டு கொடுக்கிறாரோ, அந்தக் கம்பெனிப் பங்குகளை முதல் டிரிப்பிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது தாபா. வாசலில் சிமெண்ட் தொட்டி, பக்கத்தில் கயிற்றுக் கட்டில். சாப்பிடுகிற டிரைவரிடம் குளிக்கக் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் கேட்டுவிட்டுக் குளிப்பது மரியாதை. மராத்தியில் குளியலுக்கு ஆங்கோள். இந்தியில் "நஹானா ஹை" என்றால் போதும், கையைக் காட்டுவார்கள். கோடையில் வறண்ட பக்கங்களில் அந்தத் தொட்டித் தண்ணீரை டேங்கருக்குக் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். அங்கே ஒரு வாளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், துணி துவைக்காதீர்கள், வண்டி கழுவக் கேட்கவே கேட்காதீர்கள். அடுத்து வருகிற தமிழ்நாட்டு வண்டிக்கும் அந்தத் தாபாவில் இடம் வேண்டும்.

மூன்றாவது, ஊருக்குள் இருக்கிற கட்டணக் கழிப்பறை. மும்பையில் சுலப் போர்டு பார்த்தால் பெரும்பாலும் குளிக்கவும் இடம் இருக்கும். பத்து ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஆற்றிலும் வாய்க்காலிலும் மட்டும் இறங்காதீர்கள். கிருஷ்ணா ஆற்றைப் பார்த்தால் நமக்குக் காவேரி ஞாபகம் வரும், கை கால் துறுதுறுக்கும். தெரியாத ஊர்த் தண்ணீரின் ஆழம் நமக்குத் தெரியாது. சிமெண்ட் வாய்க்கால் இன்னும் மோசம், பாசி படிந்த சரிவில் இறங்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

எதுவும் கிடைக்காத நாளுக்குத்தான் அந்த வாளி. அதில் எப்படிக் குளிப்பது என்று சொல்கிறேன். வண்டி முழுசாக நின்று, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு, வண்டிகள் போகிற ரோடு இல்லாத பக்கம், அதாவது இடப்பக்கம், கேபினுக்கும் பாடிக்கும் நடுவே நில்லுங்கள். லுங்கியைக் கட்டிக்கொண்டு முதல் மூன்று மக் தண்ணீர் தலையிலிருந்து ஊற்றுங்கள். பிறகு ஊற்றாமல் சோப்பு போடுங்கள்: அக்குள், தொடை இடுக்கு, கால் விரல் சந்து. இந்த மூன்று இடம் சுத்தமானால் பாதிக் குளியல் முடிந்தது. மீதித் தண்ணீரைக் கழுத்திலிருந்து மெதுவாக விட்டால் பத்து லிட்டரே தாராளம், கடைசியில் ஒரு மக் மிஞ்சும். அதில் ஜட்டியை அலசிவிடலாம். முக்கியமானது துடைப்பது. விரல் சந்து வரை துடைத்து, காற்றாட இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத் துணி மாற்றுங்கள். ஈரத்தோடு சீட்டில் உட்கார்ந்தால் குளிக்காமல் இருப்பதே மேல். அப்படியும் அரிப்பு வந்தால் கடையில் கேட்டு டியூப் வாங்காதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள்.

டிசம்பர் ஜனவரியில் ராஜஸ்தான், டெல்லி பக்கம் போனால் தொட்டித் தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கும். போர் மோட்டார் ஓடுகிற நேரம் பார்த்துக் குழாயிலிருந்து நேராகப் பிடியுங்கள், பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் அப்போது வெதுவெதுப்பாக இருக்கும். கம்பளியும் குல்லாவும் அந்தப் பக்க டிரிப்புக்குக் கட்டாயம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் புதிதாகச் சேரும் ஆளுக்குப் பழைய வண்டியைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

குளிக்கும்போது காசும் போனும் எங்கே என்று யோசிக்க வேண்டும். என் கூட்டாளி ஒருவர் சட்டையைத் தொட்டி மேல் வைத்துவிட்டுக் கண்ணில் சோப்போடு நின்றிருக்கிறார். கண்ணைத் திறந்தபோது சட்டை இருந்தது, டீசல் காசு இல்லை. நான் அரைஞாண் கயிற்றில் ஒரு சின்னத் தண்ணீர் புகாத பையைக் கட்டி, காசு, கார்டு, சாவி மூன்றையும் அதில் போட்டுக்கொள்வேன். கூட ஆள் இருந்தால் ஒருவர் குளிக்கையில் ஒருவர் வண்டியில் இருங்கள்.

கடைசியாக ஒன்று. பல வருஷத்துக்கு முன்னால், சத்தாராவுக்கு இந்தப் பக்கம், ராத்திரி இரண்டரை மணிக்குத் தூக்கம் அசத்தியது. ஒரு தாபாவில் நிறுத்தி இரண்டு வாளி பச்சைத் தண்ணீர் தலையில் ஊற்றினேன். பளிச்சென்று ஆனது. இனி பூனா வரைக்கும் கவலை இல்லை என்று ஏறினேன். அரை மணி நேரம்தான். கம்பாட்கி சுரங்கம் தாண்டி அந்த எஸ் வளைவில் இறங்கும்போது கண் சொக்கிவிட்டது. கிளீனர் பையன் கத்தியதால்தான் முழித்தேன், இடப்பக்கக் கண்ணாடி மலைச் சுவரை உரசிக்கொண்டிருந்தது. அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு விடியும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். குளியல் தூக்கத்தை விரட்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தூக்கம் வந்தால் குளித்துவிட்டுப் படுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று எழுதி வைத்தார்கள். ஓனர் அவசரப்படுத்தினால் போனில் நிதானமாகச் சொல்லுங்கள், திட்டுவார், அவ்வளவுதான். எண்ணெய்க் குளியலையும் இதனால்தான் லீவு நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், குளித்த பிறகு நன்றாக அசத்தும்.

களம்போலியில் இறங்கியதும் ஸ்டீல் மார்க்கெட் பக்கம் தமிழ்நாட்டு வண்டி எது நின்றாலும் பேச்சுக் கொடுங்கள், நம் ஆள் இல்லாத நாளே கிடையாது. முதல் டிரிப் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் எழுதுங்கள், அந்த ரூட்டில் நான் குளிக்கிற இடங்களைச் சொல்கிறேன். அப்புறம், ஈரோட்டில் துண்டு வாங்கும்போது எனக்கும் இரண்டு சேர்த்து வாங்கி வாருங்கள், காசு கொடுத்துவிடுகிறேன். இங்கே அந்த இழை கிடைப்பதில்லை.